பெருக்கல் என்றால் வாசல் பெருக்குவதா?

இரண்டாம் வகுப்புக் கரும்பலகையில் ‘பெருக்கல்’ என்று எழுதிய உடனே ஏதாவது ஒரு பிள்ளை மூலையில் இருக்கும் துடைப்பத்தைப் பார்க்கும். “டீச்சர், வாசல் பெருக்குறதா?” வகுப்பே சிரிக்கும். நானும் சிரித்துவிட்டு, “அது வேற, இது வேற” என்று பாடத்துக்குப் போய்விடுவேன். சில வருடம் கழித்துத்தான் அந்தக் கேள்வியை வீணாக்குகிறோமே என்று தோன்றியது. இப்போது அதைப் பிடித்துக்கொள்கிறேன். “ஆடிப்பெருக்குன்னா ஆத்துல என்ன ஆகும்?” என்று திருப்பிக் கேட்டால், “தண்ணி நிறைய வரும்” என்பார்கள். சரி, பெருகுவது என்றால் நிறைய ஆவது. எண்ணும் அப்படிப் பெருகும். ஆனால் ஆற்றுவெள்ளம் போல இஷ்டத்துக்குப் பெருகாது, ஒரே அளவுள்ள கட்டுகளாகத்தான் பெருகும்.

இந்த ‘ஒரே அளவு’ என்பதில்தான் பெருக்கலின் உயிர் இருக்கிறது. இதைப் பிள்ளை பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் பின்னால் வந்து சேரும். பார்க்காமலே வாய்ப்பாட்டை ஒப்பித்தால், மூன்றாம் வகுப்பில் 3 × 4 = 7 என்று எழுதும். பெருக்கல் குறி சாய்ந்துபோன கூட்டல் குறி மாதிரிதானே இருக்கிறது? பிள்ளையைக் குறை சொல்ல முடியாது.

என் முதல் வருடத்தில் முதல் நாளே குறியை எழுதிக் காட்டி, இரண்டாம் வாய்ப்பாட்டைச் சொல்லவைத்தேன். ஒரே வாரத்தில் முப்பது பேரும் கோரஸாகச் சொன்னார்கள். தலைமையாசிரியர் வந்து கேட்டுப் பாராட்டிவிட்டும் போனார். அப்புறம் ஒரு நாள் ஒரு பையனிடம், “ஒரு ஆட்டோவுக்கு மூணு சக்கரம். அஞ்சு ஆட்டோவுக்கு எத்தனை?” என்றேன். அவன் யோசித்து, “எட்டு” என்றான். அன்று சாயங்காலம்தான் பாடத்தைத் திரும்ப முதலிலிருந்து தொடங்குவது என்று முடிவு செய்தேன்.

முதலிலிருந்து என்றால், குறி இல்லாமல்.

வகுப்பு வாசலில் கிடக்கும் செருப்புகளைவிட நல்ல கற்றல் கருவி எனக்குக் கிடைத்ததில்லை. பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய் ஜோடி ஜோடியாக அடுக்கச் சொல்வேன். ஒருத்தர் வந்தால் இரண்டு செருப்பு, இரண்டு பேர் வந்தால் நான்கு, மூன்று பேர் வந்தால் ஆறு. ஒரு தடவை எண்ணி முடித்தபோது 55 வந்தது. எல்லோரும் செருப்போடு வந்திருந்தால் 56 இருக்க வேண்டும்; ஒருவர் வெறுங்காலோடு வந்திருந்தாலும் 54. நடுவில் 55 எப்படி வரும்? திரும்ப எண்ணினோம், 55தான். கடைசியில் பார்த்தால், ஒற்றைச் செருப்பை நாய் தூக்கிப்போய் வேப்பமரத்தடியில் கடித்துக்கொண்டிருந்தது. இரண்டு இரண்டாகப் போகும் கணக்கில் ஒற்றைப்படை எண் வராது என்பதை அன்று நான் சொல்லிக்கொடுக்க வேண்டியே இருக்கவில்லை.

செருப்புக்குப் பிறகு புளியங்கொட்டை. தரையில் மூன்று வட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் நான்கு கொட்டை வைக்கச் சொல்லுங்கள். இந்த இடத்தில் அவசரப்படாமல் ஒரு வேலை செய்ய வேண்டும். வேண்டுமென்றே தப்பான அடுக்கு ஒன்றையும் காட்ட வேண்டும்: நான்கு, நான்கு, மூன்று. “இதுல எல்லாத்துலயும் ஒரே மாதிரி இருக்கா?” இல்லை என்று பிள்ளைகளே சொல்ல வேண்டும். சமமான கட்டுகளை மட்டுமே பார்த்துப் பழகிய பிள்ளைக்குச் சமம் என்பது ஒரு நிபந்தனை என்றே தெரியாது. இதற்குக் கோலமும் நன்றாக உதவும். ஐந்து புள்ளி ஐந்து வரிசை நேர்ப்புள்ளிக் கோலத்தில் எல்லா வரிசையிலும் ஐந்துதான். ஆனால் ஏழு புள்ளியில் தொடங்கி நான்கில் முடியும் இடைப்புள்ளிக் கோலத்தில் வரிசைகள் 4, 5, 6, 7, 6, 5, 4 என்று ஏறி இறங்கும். முதல் கோலத்தைப் பெருக்கலாம். இரண்டாவதை எண்ணித்தான் ஆக வேண்டும், 37 வரும். வீட்டில் கோலம் போடும் பிள்ளைகள் இந்த வித்தியாசத்தைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

அடுத்தது பேச்சு. இந்தப் படியை நாம் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறோம். பந்தியில் இட்லி வைக்கும்போது “நாலு நாலா வை” என்கிறோம். ஆளுக்கு நான்கு என்று அதற்குப் பொருள். அந்த ‘நாலு நாலா’ என்ற இரட்டிப்புக்குள்ளேயே பெருக்கல் இருக்கிறது. “மூன்று தட்டு, நாலு நாலாக, மொத்தம் பன்னிரண்டு” என்று பிள்ளை தானாகச் சொல்ல வரும்வரை எழுத்து வேண்டாம். ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை.

இதைச் சொல்லும்போது தமிழ் நமக்குச் செய்து வைத்திருக்கும் உபகாரத்தையும் சொல்ல வேண்டும். எண்ணுப் பெயர்களிலேயே பெருக்கல் இருக்கிறது. இருபது என்பது இரு பத்து, முப்பது மூன்று பத்து, ஐந்நூறு ஐந்து நூறு. தொண்ணூறும் தொள்ளாயிரமும் மட்டும் தனி வழியில் போகும், அவற்றை விட்டுவிடலாம். பாட்டிமார் பேச்சில் வரும் ஈரேழு பதினாலு லோகம் 2 × 7. மூவேழு தலைமுறை என்றால் இருபத்தொரு தலைமுறை. முருகனுக்கு ஈராறு கை. வாய்ப்பாட்டில் வரும் மூவிரண்டு ஆறு என்பதை மந்திரம் மாதிரி ஓதவிடாமல் பிரித்துக் காட்டினால், மூன்று இரண்டுகள் சேர்ந்தால் ஆறு என்று அதுவே விளங்கும். ஆனால் ஒரு குழப்பமும் உண்டு. ‘நாலைந்து பேர் வந்தார்கள்’ என்றால் இருபது பேர் வந்ததாகப் பொருள் இல்லை. ஒரு சிறுமி இதைத்தான் என்னிடம் கேட்டாள். அன்று முழுக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பேச்சு பழகியதும் எழுத்துக்கு வரலாம். முதலில் கூட்டலாகவே எழுதட்டும்: 4 + 4 + 4 = 12. அப்புறம் ஒன்பது தட்டு இட்லி என்று கேளுங்கள். 4 + 4 + 4 + 4 என்று சிலேட்டின் ஓரம்வரை போய், இடமில்லாமல் கீழே இறங்கி, நடுவில் எத்தனை நான்கு எழுதினோம் என்பதே மறந்துபோகும். முணுமுணுப்பு கிளம்பும். அந்த முணுமுணுப்பு வரும்வரை காத்திருந்து, “இதைச் சுருக்கமா எழுத ஒரு வழி இருக்கு” என்று 9 × 4 எழுதிக் காட்டினால், குறி அவர்களுக்கு ஒரு உதவியாக வந்து சேரும். இந்த × குறியே அப்படி ஒன்றும் பழமையானது இல்லை. வில்லியம் ஆட்ரெட் என்ற ஆங்கிலேயக் கணிதர் 1631இல் அச்சான தம் நூலில் இதைப் பயன்படுத்தினார். அதற்கு முன்னும் உலகம் முழுக்கப் பெருக்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

3 × 4 என்பதில் இருக்கும் இரண்டு எண்களும் ஒரே வேலையைச் செய்யவில்லை. 3 என்பது தட்டுகளை எண்ணுகிறது, 4 என்பது ஒரு தட்டில் இருக்கும் இட்லிகளை எண்ணுகிறது. கூட்டலில் இப்படி இல்லை. மூன்று இட்லியும் நான்கு இட்லியும் சேர்ந்தால் ஏழு இட்லி. அங்கே இரண்டும் இட்லிதான். பெருக்கலில்தான் முதன்முறையாக ஒரு எண் கட்டுகளை எண்ணுகிறது. பெரியவர்களுக்கு இது கண்ணில்கூடப் படாது. ஏழு வயதுப் பிள்ளைக்கு இது பெரிய தாவல். 3 × 4 = 7 என்று எழுதும் பிள்ளையிடம், “இதுல தட்டு எது, இட்லி எது?” என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். பாதி நேரம் தானே அழித்துத் திருத்திக்கொள்ளும்.

இங்கே வீட்டிலும் டியூஷனிலும் ஒரு சிக்கல் வரும். நம் வாய்ப்பாட்டில் இரண்டாம் வாய்ப்பாடு என்றால் ஓரிரண்டு இரண்டு, ஈரிரண்டு நான்கு, மூவிரண்டு ஆறு என்று போகும். கட்டின் அளவு இரண்டாகவே இருக்கும், கட்டுகள் கூடிக்கொண்டே போகும். ஆங்கில வழியில் படித்த அண்ணனோ அக்காவோ 2 × 1, 2 × 2, 2 × 3 என்று திருப்பிச் சொல்லிக்கொடுப்பார்கள். விடை ஒன்றுதான். ஒன்றை மட்டும் சரி என்று சிவப்பு மையால் சுழிக்க வேண்டியதில்லை. ஏன் ஒன்று என்பதைத்தான் காட்ட வேண்டும்.

அதற்குச் சத்துணவு முட்டை அட்டை போதும். ஒரு அட்டையில் 30 குழி: இப்படிப் பார்த்தால் ஐந்து வரிசை, வரிசைக்கு ஆறு. அட்டையைத் திருப்பி வைத்தால் ஆறு வரிசை, வரிசைக்கு ஐந்து. முட்டை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. 5 × 6, 6 × 5 இரண்டும் ஒன்றுதான் என்பதை வாயால் சொல்லிப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. அட்டையைத் திருப்பினால் ஒரு நொடி. ஒன்றை மட்டும் கவனித்துச் சொல்லுங்கள். மொத்தம்தான் ஒன்று, கதை ஒன்றல்ல. மூன்று பேருக்கு நாலு நாலு இட்லி என்பதும் நாலு பேருக்கு மூன்று மூன்று இட்லி என்பதும் சாப்பிடுபவனுக்கு ஒன்றாகாது!

மாத்திரை அட்டை, தரையில் பதித்த டைல்ஸ், பல்லாங்குழி, ஜன்னல் கம்பிச் சதுரங்கள் என்று வரிசையும் நிரலுமாக இருப்பவை எங்கும் கிடைக்கும். பல்லாங்குழியில் ஒரு பக்கத்துக்கு ஏழு குழி. குழிக்கு ஐந்து என்று போட்டால் ஒரு பக்கம் 35, இரண்டு பக்கமும் சேர்ந்து 70. ஒரு குழியைக் காலி செய்துவிட்டு, “இப்ப எத்தனை?” என்றால் திரும்ப எண்ணாமல் “அஞ்சு குறைஞ்சது” என்று சொல்லும் பிள்ளை பெருக்கலுக்குள் வந்துவிட்டது.

பூஜ்ஜியத்தையும் குழியில் வைத்தே முடித்துவிடலாம். ஏழு குழி, ஒன்றிலும் கொட்டை இல்லை என்றால் மொத்தம் ஒன்றுமில்லை. 7 × 0 = 0. இதற்குத் தனிப் பாடமெல்லாம் வேண்டாம்.

இன்னொரு விளையாட்டு எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு குழுவுக்கும் 12 புளியங்கொட்டை கொடுத்து, எத்தனை விதமாகக் கட்டம் கட்ட முடியும் என்று கேட்பது. இரண்டு வரிசை ஆறு, மூன்று வரிசை நான்கு, ஒரே நீள வரிசையாகப் பன்னிரண்டு என்று வரும். அடுத்து 18 கொடுத்தால் 2 × 9, 3 × 6 என்று கிடைக்கும். அப்புறம் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு 13 கொடுப்பேன். ஒரே நீள வரிசையாக வைத்தால் தவிர, இரண்டு, மூன்று, நான்கு என்று எப்படி அடுக்கினாலும் ஒரு கொட்டை மிஞ்சும். “டீச்சர், ஒண்ணு எக்ஸ்ட்ரா கொடுத்துட்டீங்க” என்பார்கள். பகா எண் என்ற பெயரெல்லாம் அப்போது சொல்லத் தேவையில்லை. பதின்மூன்று அடங்காது என்பது கைக்குத் தெரிந்தால் போதும்.

இதெல்லாம் ஆன பிறகுதான் வாய்ப்பாடு. மனப்பாடமே கூடாது என்று சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். ஏழெட்டு ஐம்பத்தாறு என்று வாயில் நிற்காத பிள்ளை, பெரிய வகுத்தல் கணக்கு வரும்போது ஒவ்வொரு படியிலும் விரல் விட்டுக்கொண்டு தொடங்கிய கணக்கையே மறந்துவிடும். திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடி என்ற பழைய வாய்ப்பாட்டு நூலை மனப்பாடம் செய்தார்கள். சட்டாம்பிள்ளை ஒரு வரி சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகளின் வீட்டில் நெல் அளந்தார்கள். எட்டு நாழி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். வாயில் சொன்ன எட்டு, களத்தில் கண்ணெதிரே குவிந்தது. கீழ்வாய் இலக்கம் என்ற பின்னங்களான முந்திரி, காணி, மா ஆகியவற்றைக்கூட அவர்கள் பெருக்கிப் பழகினார்கள்; முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு. நம் பிள்ளைகளுக்குக் களம் இல்லை. அதனால்தான் வகுப்பில் கொட்டையும் அட்டையும் வைத்து ஒரு களத்தை நாம் உண்டாக்க வேண்டியிருக்கிறது. 2022இல் தமிழக அரசு ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் செயல்பாடுகளுக்கு இடம் கிடைத்தது எனக்கு நல்ல விஷயம்தான். கொட்டையோடு தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, “பாடம் நடத்தாம விளையாடிட்டு இருக்கீங்களா?” என்று யாரும் இப்போது கேட்பதில்லை.

எந்த வாய்ப்பாட்டை முதலில் எடுப்பது? ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகப் போக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. நான் இரண்டு, பத்து, ஐந்து என்று போகிறேன். இரண்டுக்குச் செருப்பு, பத்துக்குப் பத்து ரூபாய்த் தாள், ஐந்துக்குக் கைவிரல். நூறு கட்டம் போட்ட தாளில் ஐந்து ஐந்தாக எண்ணி வண்ணம் அடிக்கச் சொன்னால் இரண்டு நேர்கோடுகள் கிடைக்கும். ஒன்பதுக்கு அடித்தால் படிக்கட்டு மாதிரி குறுக்காக இறங்கும். கை தட்டியும் செய்யலாம்: மூன்றாம் வாய்ப்பாடு என்றால் ஒன்று, இரண்டுக்கு மௌனம், மூன்றுக்குத் தட்டு. பக்கத்து வகுப்பு டீச்சர் கதவைச் சாத்திக்கொள்வார், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நூறு விடைகளையும் பார்த்து மலைக்கும் பெற்றோருக்கு இந்தக் கணக்கைச் சொல்வேன். 10 × 10 வரை 100 விடை. முட்டை அட்டையைத் திருப்பிப் பார்த்தவர்களுக்கு அது 55தான். ஒன்றையும் பத்தையும் எடுத்துவிட்டால் 36. இரண்டும் ஐந்தும் தெரிந்துவிட்டால் 21. நான்கைத் தனியாகப் படிக்க வேண்டாம், இரண்டின் இரட்டிப்பை இன்னொரு முறை இரட்டித்தால் போதும்: ஈரேழு பதினாலு, பதினாலும் பதினாலும் இருபத்தெட்டு. இப்போது பாக்கி 15. ஒன்பதுக்கு விரல் இருக்கிறது. பத்து விரலையும் விரித்து, நான்கு ஒன்பது வேண்டுமென்றால் இடமிருந்து நான்காவது விரலை மடக்குங்கள். மடக்கிய விரலுக்கு இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் ஆறு, விடை 36. பாக்கி 10. மூன்றாம் வாய்ப்பாட்டை ஆட்டோ சக்கரத்தில் பழகியாகிவிட்டது. மிச்சம் ஆறே ஆறு: 6 × 6, 6 × 7, 6 × 8, 7 × 7, 7 × 8, 8 × 8.

இந்த ஆறை மட்டும் அட்டையில் எழுதி வகுப்புக் கதவில் ஒட்டிவைத்திருக்கிறேன். தண்ணீர் குடிக்கப் போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போக வேண்டும், வரும்போது ஒன்று. தெரியாவிட்டால் தண்ணீர் கிடையாது என்றெல்லாம் இல்லை. கண்டுபிடித்துச் சொல்லலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

தெரிந்ததை வைத்துத் தெரியாததைப் பிடிக்க, அட்டையை உடைக்கும் வித்தையைப் பழக்கலாம். தாளில் ஏழு வரிசை, வரிசைக்கு எட்டுப் புள்ளி வைத்து, ஐந்தாவது வரிசைக்குக் கீழே ஒரு கோடு கிழியுங்கள். மேலே ஐந்து எட்டு, கீழே இரண்டு எட்டு. இரண்டும் ஏற்கெனவே தெரிந்த வாய்ப்பாடு. பின்னாளில் 14 × 6, 23 × 15 என்று பெரிய எண்கள் வரும்போதும் இதே கோடுதான், வேறு இடத்தில் விழும், அவ்வளவுதான்.

பிள்ளைக்குப் புரிந்ததா என்று பார்க்க விடையைக் கேட்பதைவிடக் கதையைக் கேட்பது நல்லது. 3 × 4க்கு ஒரு கதை சொல் என்றால், “மூணு ஆடு, நாலு மாடு, மொத்தம் எத்தனை?” என்று வரலாம். அது கூட்டல் கதை. அந்தப் பிள்ளை பன்னிரண்டு என்று சரியான விடையே எழுதியிருந்தாலும், திரும்பப் புளியங்கொட்டைக்குக் கூட்டிவர வேண்டும். “எங்க அம்மா மூணு நாள் பூக் கட்டுனாங்க, ஒரு நாளைக்கு நாலு முழம்” என்று ஒருத்தி சொன்னாள். அவளிடம் விடையைக் கேட்கவே தோன்றவில்லை.

கதவில் 7 × 8 அட்டை முன்னால் ஒரு பையன் அப்படித்தான் நின்றான். மற்றவர்கள் எல்லாம் அவனைத் தள்ளிக்கொண்டு ஐம்பத்தாறு, ஐம்பத்தாறு என்று கத்திவிட்டு ஓடினார்கள். அவன் நகரவில்லை. காற்றில் விரலால் ஒரு கோடு கிழித்து, “அஞ்செட்டு நாற்பது... ஈரெட்டுப் பதினாறு...” என்று முணுமுணுத்தான். “ஐம்பத்தாறு. ஆனா நான் அவங்க சொன்னதைக் கேட்டுச் சொல்லல டீச்சர்” என்று சொல்லிவிட்டுத்தான் தண்ணீர் குடிக்கப் போனான்.